மனிதவள முகாமைத்துவம் படிக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள்

ஏ.எல். வணிகக் கல்வியில் இந்த அலகைப் பாடமாக்கி எழுதிவிட்டு கம்பஸுக்குப் போகிறவர்கள், ஏதோ ஒரு ஹோட்டலில் எச்.ஆர். (மனிதவள) உதவியாளர் வேலை கிடைத்த பிறகு இனித்தான் படிக்க வேண்டும் என்று நிற்கிறவர்கள், சொந்தக் கடையில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எங்கிருந்து தொடங்குவது?

வரைவிலக்கணத்திலிருந்து தொடங்காதீர்கள். "நிறுவன இலக்குகளை அடைவதற்காக மனித வளத்தை வினைத்திறனாக..." என்று போகிற அந்த வசனத்தைப் பரீட்சைக்கு முதல் நாள் படித்தாலே போதும். அதற்குப் பதிலாக உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு வேலையை எடுத்து, பாடத்திட்டத்தில் உள்ள எல்லாத் தலைப்பையும் அந்த வேலைக்குள்ளால் கொண்டுபோங்கள். ஆட்சேர்ப்பு ஒரு அத்தியாயம், சம்பளம் இன்னொரு அத்தியாயம், ஒழுக்காற்று வேறொரு அத்தியாயம் என்று புத்தகம் பிரித்துப் போட்டிருக்கும். வேலைத்தளத்தில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் நடக்கும், அந்த இழுவை புரியாமல் படித்தால் பட்டியல்தான் மிஞ்சும்.

நான் எடுக்கிற உதாரணம் திருகோணமலை நகரத்தில் 18 பேர் வேலை செய்கிற ஒரு பெரிய பலசரக்குக் கடையின் காசாளர். கடை கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்ட கடைகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வேறு வேலையை எடுக்கலாம்: நிலாவெளி ஹோட்டல் வரவேற்பாளர், சீனன்குடாப் பக்கம் இருக்கிற மாவு ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ ஷிப்ட் வேலை செய்கிறவர், வைத்தியசாலைச் சிற்றூழியர். நேரில் போய்ப் பார்க்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் உட்கார்ந்து பாருங்கள்

வேலைப் பகுப்பாய்வு என்று புத்தகத்தில் வருவது இதுதான். அவதானிப்பு, நேர்காணல், வினாக்கொத்து, நாட்குறிப்பு என்று முறைகளை அடுக்கியிருப்பார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு அரை நாள் காசாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நான்கில் இரண்டு முறையைச் செய்து முடித்துவிடுவீர்கள்.

காலையில் சில்லறைக் காசை எண்ணி எழுதிக் கையெழுத்து வைக்கிறார். பதினொரு மணிக்குப் பிறகு மூதூர், கிண்ணியாப் பக்கத்து ஆட்கள் மொத்தமாகச் சாமான் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படுகிறார்கள். அந்த நேரத்தில்தான் கார்ட் மெஷினுக்கு சிக்னல் கிடைக்காது. ஒருவர் தமிழில் விலை கேட்கிறார், அடுத்தவர் சிங்களத்தில் கேட்கிறார், வெளிநாட்டுக்காரர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்கிறார். ஐயாயிரம் ரூபாத் தாள் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இரவு கடை பூட்டும்போது கணக்கு ஒப்பேற வேண்டும், ஒப்பேறாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்ன செய்கிறார், யாருக்குப் பொறுப்புச் சொல்கிறார், எந்தச் சூழலில் செய்கிறார் என்பதெல்லாம் வேலை விவரணம். அந்த வேலையைச் செய்ய ஆளிடம் என்ன இருக்க வேண்டும் என்பது தகைமைக் குறிப்பு. பரீட்சையில் பாதிப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள், காரணம் இரண்டையுமே சொந்தமாக ஒரு தடவையும் எழுதிப் பார்க்காததுதான்.

எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். "ஏ.எல். சித்தி, இரண்டு வருட அனுபவம்" என்று விளம்பரம் போடுகிறார்களே, மேலே எழுதிய வேலைக்கு அதில் எது உண்மையில் தேவை? மூன்று மொழியில் இலக்கம் சொல்லத் தெரிவது, கூட்டம் நெருக்கும்போது பதறாமல் எண்ணுவது, காசில் நேர்மை. இந்த மூன்றும் விளம்பரத்தில் வருவதே இல்லை. பக்கத்துக் கடை விளம்பரத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும்.

எத்தனை பேர், எந்த மாதம்

மனிதவளத் திட்டமிடல் படிக்கத் திருகோணமலையை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு சீசன் என்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று மறுகரையை நனைக்கும்போது இங்கே கடல் அமைதியாக இருக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கி, நவம்பர், டிசம்பரில் வடகீழ் பருவக்காற்று இங்கே கொட்டும்போது அறைகள் காலி. ஆகஸ்டில் தேவைப்படுகிற ஆள் தொகையை டிசம்பரிலும் வைத்திருந்தால் சம்பளம் கட்ட முடியாது, டிசம்பரில் நிற்பாட்டிவிட்டால் அடுத்த மே மாதம் பழக்கிய ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு மாதமும் தேவையான ஆட்கள், இருக்கிற ஆட்கள், இடைவெளி. பிறகு அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று யோசியுங்கள்: சீசனுக்கு மட்டும் தற்காலிக ஆட்களா, தெற்கில் கிளை இருக்கிற ஹோட்டல் என்றால் அங்கிருந்து இடமாற்றமா, வருடாந்த லீவையும் பயிற்சியையும் மழைக்காலத்துக்குத் தள்ளுவதா? கேள்வி (தேவைப்படும் ஆட்கள்) முன்னறிவிப்பு, நிரம்பல் (கிடைக்கக்கூடிய ஆட்கள்) முன்னறிவிப்பு என்ற இரண்டு தலைப்பும் இந்த ஒரு தாளில் அடங்கிவிடும். நம்முடைய பலசரக்குக் கடைக்கும் இதே அட்டவணையைப் போடலாம், அங்கே உச்சம் வருவது நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று வேறு மாதிரி இருக்கும்.

ஆளை எடுப்பது

ஊரில் ஆட்சேர்ப்பு என்றால் "தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாங்களா?" என்பதுதான். அதைக் கேவலமாக எழுத வேண்டியதில்லை. பரிந்துரை மூலமான ஆட்சேர்ப்பு பெரிய கம்பனிகளும் செய்வதுதான், செலவு குறைவு, ஆளைப் பற்றி ஓரளவு முன்கூட்டியே தெரியும். குறை என்னவென்றால் எல்லோரும் ஒரே குடும்பம், ஒரே கிராமம், ஒரே சமூகமாகிவிடுவார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சாமான் வாங்க வருகிற கடைக்கு அது வியாபார ரீதியாகவே நட்டம்.

தெரிவுமுறையில் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1998இல் ஷ்மிட், ஹன்ரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் திரட்டி, எந்தத் தெரிவுமுறை பிற்கால வேலைத்திறனை நன்றாக எதிர்வுகூறுகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். வேலை மாதிரிச் சோதனையும், எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில் கேட்டுப் புள்ளி போடுகிற நேர்முகமும் முன்னால் நின்றன. எத்தனை வருட அனுபவம் என்பது பின்னால் போனது, கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பது ஒன்றுக்கும் உதவவில்லை. 2022இல் சக்கெற் என்பவரும் குழுவும் அதே கணக்கைத் திருத்திப் பார்த்தபோது ஒழுங்கமைத்த நேர்முகமே முதலிடத்துக்கு வந்தது.

நம் காசாளருக்கு இதைப் பொருத்துங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, கலந்த நோட்டுக் கட்டு ஒன்றையும் முப்பது பில்லையும் கொடுத்துக் கணக்கை ஒப்பேற்றச் சொன்னால் பதினைந்து நிமிடத்தில் ஆளைத் தெரியும்.

சம்பளமும் சட்டமும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானியப் புத்தகங்கள், அவற்றில் எங்களுடைய தொழிற் சட்டம் இருக்காது. கோட்பாடு எல்லாம் தெரிந்தும் பே சீற் வாசிக்கத் தெரியாத பட்டதாரிகளை நிறையப் பார்க்கலாம்.

காசாளருக்கு அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஊழியரிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, ஈ.டி.எப்., 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், அதில் 3 சதவீதம் முழுவதும் முதலாளியுடையது, ஊழியர் சம்பளத்தில் வெட்டவே கூடாது. அந்த மாதம் 10 மணித்தியாலம் ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலை, செய்திருக்கிறார். கடை, அலுவலக ஊழியர்களுக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 48,000ஐ 240ஆல் பிரித்தால் 200, ஒன்றரை மடங்கு 300, பத்து மணித்தியாலத்துக்கு 3,000. ஓ.டி. காசுக்கு ஈ.பி.எப். கிடையாது.

ஆக, கையில் கிடைப்பது 48,000 சக 3,000 சய 3,840, அதாவது 47,160. முதலாளிக்கு ஆகும் செலவு 51,000 சக 5,760 சக 1,440, அதாவது 58,200. இந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் 11,040 ரூபா இருக்கிறது. "நான் இவ்வளவு செலவழிக்கிறேன், இவங்களுக்குத் திருப்தியே இல்லை" என்று முதலாளியும், "இவ்வளவு வேலைக்கு இதுதானா" என்று ஊழியரும் சொல்வதில் பாதிச் சண்டை இந்த இடைவெளி யாருக்கும் விளங்காததால் வருவது. இதை ஒரு தாளில் போட்டு இரண்டு தரப்புக்கும் காட்டத் தெரிந்தாலே நீங்கள் எச்.ஆர். வேலையில் கொஞ்சத் தூரம் வந்துவிட்டீர்கள்.

"முதல் ஆறு மாதம் போகட்டும், பிறகு ஈ.பி.எப். போடுவோம்" என்று சொல்கிற முதலாளிமாரை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். தகுதிகாண் காலமோ தற்காலிகமோ, வேலைக்கு வந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும்.

இனி நேரமும் லீவும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. ஓ.டி. வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. வருடாந்த லீவு 14 நாள், ஆனால் அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை, இரண்டாவது வருடத்துக்கு எத்தனை நாள் என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. அமயலீவு, அதாவது கெசுவல் லீவு, 7 நாள், முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம். போயா தினத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம். பிரசவ லீவு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள், 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்குக் குறைக்கிற கதை இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதை எல்லா வேலைக்கும் போட்டுவிடாதீர்கள். ஹோட்டல் மற்றும் உணவு வழங்கல் தொழிலுக்குத் தனிச் சம்பளச் சபை இருக்கிறது, 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ். தொழிற்சாலை வேலைகள் பலவற்றுக்கும் அப்படியே. ஆகவே நீங்கள் எடுத்த வேலை எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பதே முதல் கேள்வி. எல்லோருக்கும் பொதுவான அடித்தளம் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம், 2016இல் மாதம் 10,000 ரூபாவில் தொடங்கி, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று ஏறியிருக்கிறது.

நம் கடையில் 18 பேர் என்று சொன்னேன் அல்லவா, அந்த எண்ணைச் சும்மா போடவில்லை. 15 என்பது முக்கியமான எல்லை. 15 பேருக்குக் குறையாமல் இருந்தால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வருகிறது: ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். காசாளர் பத்து வருடம் நின்று கடைசிச் சம்பளமும் 48,000 என்றால் 240,000 ரூபா, விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 15 இருந்தால் 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டமும் வருகிறது. வியாபாரம் படுத்துவிட்டது, ஆளை நிறுத்துகிறேன் என்று முதலாளி தன் பாட்டுக்குச் செய்ய முடியாது, ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். சில கடைகள் ஏன் 14 பேரோடேயே நிற்கின்றன என்று இப்போது விளங்கும்.

இதையெல்லாம் சரிபார்க்கத் தொழில் திணைக்களத்தின் இணையத்தளம் மூன்று மொழியிலும் இருக்கிறது. நகரத்தில் இருக்கிற மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே வாங்கில் காத்திருக்கிறவர்கள் என்ன முறைப்பாட்டோடு வந்திருக்கிறார்கள் என்று காது கொடுத்தால், எந்த அத்தியாயம் முக்கியம் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கோட்பாடுகளை எப்படிப் படிப்பது

கால ஒழுங்கில் படியுங்கள். ஒவ்வொருவரும் முந்தியவர் விட்ட ஓட்டையை அடைக்க வந்தவர் என்று பார்த்தால் ஞாபகம் நிற்கும்.

ரெயிலர், 1911. பெத்லஹேம் உருக்காலையில் ஒரு தொழிலாளி நாளுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்பு தூக்கியதை 47 தொன்னாக்கினேன் என்றார். நேரத்தை அளந்து, அசைவைத் திருத்தி, கூடத் தூக்கினால் கூடக் காசு. காசாளர் நிமிடத்துக்கு எத்தனை பொருள் ஸ்கேன் செய்கிறார் என்று இன்று சுப்பர்மார்க்கெற்றில் பார்க்கிறார்களே, அது இவர் வழிதான்.

1924 முதல் 1932 வரை சிக்காகோவுக்குப் பக்கத்து ஹோதோர்ன் ஆலையில் நடந்த பரிசோதனைகள், அவற்றோடு சேர்த்துப் பேசப்படுபவர் எல்ரன் மேயோ. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, ஏனென்றால் தங்களைக் கவனிக்கிறார்கள் என்று ஊழியர்களுக்குத் தெரிந்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். 2011இல் லெவிற், லிஸ்ற் என்ற பொருளியலாளர்கள் பழைய தரவைத் தேடியெடுத்து மறுபடி ஆராய்ந்தபோது, வெளிச்சக் கதை சொல்லப்பட்ட அளவுக்குத் தரவில் இல்லை என்று கண்டார்கள். பரீட்சை விடையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மாஸ்லோ, 1943. மனிதத் தேவைகள் அடிப்படையிலிருந்து படிப்படியாக மேலே போகும் என்றவர். முக்கோணம் வரையாமல் யாருக்கும் இவரைப் பற்றி எழுத வராது. அவருடைய அந்தக் கட்டுரையில் முக்கோணமே இல்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஹேர்ஸ்பேர்க், 1959, வேலைக்கு அதிகம் உதவுகிறவர். பிற்ஸ்பேர்க் பக்கத்தில் பொறியியலாளர், கணக்காளர் என்று 200 பேருக்கு மேல் பேசி, சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் சரியில்லாவிட்டால் வெறுப்பு வரும், ஆனால் அவை சரியானால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது, அதற்குச் சாதனை, பாராட்டு, பொறுப்பு வேண்டும் என்றார். காசாளருக்கு முதுகு சாயக் கதிரை இல்லையென்றால் கோபம் வரும். கதிரை கொடுத்துவிட்டால் கோபம் போகும், அதற்காக வேலையில் ஆசை வந்துவிடாது. மாதக் கணக்கு ஒரு ரூபாகூடப் பிசகாமல் ஒப்பேறியதை முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னால் வரலாம். இந்த முறையை விமர்சிப்பவர்களும் உண்டு, நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்று சொல்வது மனித இயல்புதானே.

1984இல் மனிதவள முகாமைத்துவத்துக்கு ஹார்வர்ட் மாதிரி, மிச்சிகன் மாதிரி இரண்டும் வந்தன. முதலாவது ஊழியர், தொழிற்சங்கம், அரசு, சமூகம் என்று எல்லாத் தரப்பின் நலனையும் கணக்கில் எடுக்கும். மற்றது தந்திரோபாயத்துக்கு ஏற்ப ஆளைத் தெரிவு செய், மதிப்பிடு, வெகுமதி கொடு, வளர்த்தெடு என்று இறுக்கமாகப் போகும். தொடக்கத்துக்கு இவ்வளவும் போதும்.

மதிப்பீடும் ஒழுக்காற்றும்

ஒரு சம்பவத்தை வைத்துப் படியுங்கள். இரவுக் கணக்கில் 1,500 ரூபா குறைகிறது, இந்த மாதம் இது மூன்றாவது தடவை. காசாளர் பெண், இரண்டு வருடமாக நிற்கிறார், முன்பு பிரச்சினை இல்லை. என்ன செய்வீர்கள்?

"எச்சரிக்கைக் கடிதம்" என்று உடனே எழுதினால் பாதிப் புள்ளிதான். குறைந்த மூன்று நாளும் எந்த நேரம், அப்போது மேசையில் வேறு யாராவது நின்றார்களா, பழக்கியது யார், மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது லாச்சி பூட்டப்படுகிறதா? பயிற்சிக் குறையா, முறைமைக் குறையா, நேர்மைக் குறையா என்று பிரித்த பிறகுதான் நடவடிக்கை. நேர்மைதான் சந்தேகம் என்றால் விளக்கம் கோரும் கடிதம், பதில் சொல்ல நியாயமான அவகாசம், தேவையானால் உள்ளக விசாரணை, அதற்குப் பிறகு முடிவு. அவருடைய பக்கத்தைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினால் தொழில் நியாய சபையில் முதலாளி திணறுவார், ஊழியர் அங்கே போக 6 மாத அவகாசம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் திகதியோடு எழுத்தில் பதிவு வேண்டும். வாயால் திட்டியது கணக்கில் வராது.

செயலாற்றுகை மதிப்பீட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை படிவம் நிரப்புவதை விட மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் பேசுவது மேல். தொழிற்சங்கம் என்ற தலைப்பை மட்டும் தாவிவிடாதீர்கள், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம்.

எங்கே படிப்பது

பட்டம் வேண்டுமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடத்தில் முகாமைத்துவம் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே தொழில்சார் தகைமை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஆளணி முகாமைத்துவப் பட்டய நிறுவகமான சி.ஐ.பி.எம். இருக்கிறது, எச்.ஆர். விளம்பரங்களில் அந்தப் பெயரை அடிக்கடி காண்பீர்கள். இரண்டு இடத்திலும் ஆங்கிலம் தேவைப்படும், அதற்குப் பயந்து பின்வாங்க வேண்டாம், மேலே சொன்ன கடையைத் தமிழில் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலப் புத்தகம் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

ஒப்படைக்காக நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு: விரிவுரையாளரின் கடிதத்தோடு போங்கள், சீசன் நேரத்தில் ஹோட்டலுக்குப் போகாதீர்கள், முதல் நாளே சம்பள விபரம் கேட்காதீர்கள். பெயர் குறிப்பிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் லீவுப் பதிவேடு எப்படிப் பேணுகிறார்கள் என்று கேளுங்கள். அதைக் காட்டத் தயங்க மாட்டார்கள், அந்தப் பதிவேட்டைப் புரட்டினாலே யார் திங்கட்கிழமைகளில் வருவதில்லை, எந்தப் பிரிவில் ஆள் நிற்பதில்லை என்று தெரிந்துவிடும், அடுத்த கேள்விகள் தானாக வரும்.